நிஜ ஜெர்சி, பொய்க் கறை

அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி சீசன் முடிந்ததும் பல அணிகள் தங்கள் ஸ்டோர் ரூமைக் காலி செய்வது வழக்கம். மட்டை, கையுறை, பை, கூடவே மிச்சமாகிப்போன ஜெர்சிகள். பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளும் ஏதோ ஒரு வழியில் இப்படி விற்கிறார்கள். அணியே விற்கிற அசல் சரக்கு, இதில் என்ன மோசடி வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். சிக்கலே அந்த 'அசல்' என்ற வார்த்தையில்தான் இருக்கிறது.

ஒரு வீரருக்காகத் தைத்து, அவர் பெயரும் எண்ணும் போட்டு, ஆனால் அவர் களத்தில் அணியாமலே போன ஜெர்சியை 'கேம் இஷ்யூட்' என்பார்கள். மேட்சில் போட்டு ஆடியது 'கேம் வோர்ன்'. இரண்டும் ஒரே துணி, ஒரே நூல், ஒரே லேபிள். விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! நடுவில் இருப்பது கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் மண், ஒரு கதை. வியர்வைக்கும் மண்ணுக்கும் பெரிதாகச் செலவில்லை. நாலு தடவை துவைத்து, உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்து, முழங்கையில் சேறு பூசினால் வேலை முடிந்தது. கடைத்தெரு டூப்ளிகேட்டைத் தையலைப் பார்த்தே பிடித்துவிடலாம். இங்கே தையல் நிஜம், லேபிள் நிஜம், கதை மட்டும்தான் பொய். மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல கச்சாப்பொருள் கிடைக்காது.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் விளையாட்டு அட்டை தயாரிக்கும் கம்பெனிகள், வீரர்களின் ஜெர்சியைத் துண்டு துண்டாக வெட்டி அட்டைக்குள் ஒட்டி விற்கின்றன. (2003-ல் டான்ரஸ் கம்பெனி பேப் ரூத்தின் ஜெர்சி ஒன்றை 2 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு வாங்கி, கத்தரி போட்டு வெட்டியது. சேகரிப்பாளர்கள் வயிறு எரிந்து சாபம் விட்டதில் தப்பே இல்லை.) இதற்கு ஜெர்சி நிறைய வேண்டும். 2011-ல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் சில வியாபாரிகள் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. சாதாரண ஜெர்சிகளை வாங்கி, பழசு போல ஆக்கி, மேட்சில் போட்டது என்று விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மேலிருந்த வழக்கு 2013-ல் கைவிடப்பட்டது. அந்த ஒருவர் சும்மா இருக்கவில்லை. 2014-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி மேலேயே வழக்குப் போட்டார். அணியின் ஆட்களே போலிகளை விளையாடியது என்று தள்ளிவிட்டார்கள் என்றார். அணி மறுத்தது. 2018-ல் விசாரணை தொடங்கும் சமயத்தில் சமரசமாகிவிட்டது. யார் சொன்னது உண்மை என்பது இருக்கட்டும். ஜெர்சியைத் துவைத்து மடித்து வைக்கிற கையே அதற்குச் சான்றும் எழுதினால் எப்போதும் இந்தச் சந்தேகம் வரும்.

பின்னாடி சோதித்துக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், அதிர்ஷ்டம் இருந்தால் முடியும். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில், 'கடவுளின் கை' கோல் அடித்த அன்று, மரடோனா போட்ட சட்டையை இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மேட்ச் முடிந்ததும் மாற்றிக்கொண்டார். 2022-ல் அது சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது மரடோனாவின் மகள், "அது முதல் பாதியில் போட்டது, கோல் அடித்த சட்டை அது இல்லை" என்ற பொருளில் மறுத்தார். பழைய புகைப்படங்களோடு சட்டையை இழை இழையாக ஒப்பிட்டுத்தான் இரண்டாம் பாதிச் சட்டை அதுதான் என்று ஏல நிறுவனம் சொன்னது. விலை 71 லட்சம் பவுண்டு. இதில் ஒரு வேடிக்கை. அந்த நீலச் சட்டைகள், மேட்சுக்குச் சில நாள் முன்பு மெக்சிகோ சிட்டியில் அவசர அவசரமாகக் கடையில் வாங்கப்பட்டவை. சின்னத்தை அங்கேயே தைத்து, எண்ணை ஒட்டினார்கள். எல்லாம் ஒரே அச்சில் வந்திருந்தால் ஒப்பிட என்ன இருந்திருக்கும்? அவசரத் தையல்தான் கோடிகளைக் காப்பாற்றியது :-)

மிச்சச் சரக்குக்கு இந்த வசதி கிடையாது. போட்டதைப் படத்தை வைத்து நிரூபிக்கலாம், போடவில்லை என்பதை எந்தப் படத்தை வைத்து நிரூபிப்பது? ஆகவே ஸ்டோர் ரூமை விட்டு வெளியே போகும்போதே உண்மையை ஜெர்சியோடு சேர்த்துத் தைத்து அனுப்ப வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்தது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால். 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் போலிக் கையெழுத்துகள் மூட்டை மூட்டையாகச் சிக்கின. அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட அதில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்! அதன் பிறகு 2001-ல் லீக் தனியாக ஒரு சான்றுத் திட்டம் ஆரம்பித்தது. போலீசில் இருந்தவர்கள், இருப்பவர்கள் பலர் மைதானத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்த பொருளுக்கு மட்டும் எண் போட்ட ஹாலோகிராம் ஒட்டுவார்கள். பிய்த்தால் அது கிழிந்துவிடும். எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஒட்டுகிறவர் அணியின் சம்பளக்காரர் இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

சின்ன அணிக்கு இவ்வளவு முடியாது. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த ஜெர்சி, என்ன சைஸ், யாருக்குத் தைத்தது, எந்த மேட்சில் போட்டது அல்லது போடவே இல்லை என்று வரிசை எண்ணோடு எழுதி, அதே எண்ணை உள்பக்கம் அழியாத மையில் குத்திவிட வேண்டும். அணியாததில் 'அணியாதது' என்றே குத்த வேண்டும். சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தனித்தாளில் தரும் சர்டிபிகேட்டை மட்டும் நம்பவே கூடாது. எண் இல்லாத தாளை இன்று இந்த ஜெர்சிக்கும் நாளை வேறொன்றுக்கும் காட்டலாம். இன்னொன்று, பெயர் தைக்காத வெற்று ஜெர்சியையும் மிச்சமான பெயர்ப் பட்டைகளையும் ஒரே ஆளுக்கு விற்பது, பூட்டையும் சாவியையும் சேர்த்துத் திருடனிடம் கொடுப்பது மாதிரி. பட்டைகளைக் கிழித்துப் போட்டுவிடுவது உத்தமம்.

கடைசியில் வாங்குகிறவர் பக்கத்துத் தந்திரம் ஒன்றும் உண்டு. நல்லதை வாங்கிக்கொண்டு, "இது போலி" என்று சொல்லி வேறொரு மட்டமான ஜெர்சியைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்பார்கள். பார்சல் கட்டும் முன் உள்பக்க எண், லேபிள், ஏதாவது ஒரு கோணல் தையல் மூன்றையும் நெருக்கத்தில் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்கிற அணியிடம் இந்தப் பருப்பு வேகாது.