திரை இல்லாத இடத்தில்

தன்னைப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் விழுந்துவிடுகிற ஒரு புரோகிராமோடு சென்ற மாதம் நாலைந்து இரவுகள் கழிந்தன. பழைய சிறுபத்திரிகைகளின் ஸ்கேன் பிரதிகளிலிருந்து எழுத்துக்களைப் பிரித்தெடுப்பதற்காக நண்பர் ஒருவர் எழுதிக்கொடுத்தது அது. எழுத்தை அடையாளம் காணும் காரியத்தை உள்ளே செய்வது டெசராக்ட். 1980களில் ஹெச்.பி. நிறுவனத்தில் உருவாகத் தொடங்கி, 2005ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, தமிழும் படிக்கும். நண்பரின் பங்கு அதற்கு மேல் ஒரு ஜன்னல். இடப்பக்கம் ஏட்டின் படம், வலப்பக்கம் படித்தெடுத்த வரிகள், கீழே எத்தனை பக்கம் முடிந்தது என்று காட்டி நகரும் பட்டை. வீட்டு லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. 412 பக்கங்களுக்கு அதைச் சூடேற்ற மனமில்லாமல், மாத வாடகைக்கு எடுத்திருந்த ஒரு லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் விழுந்தது.

பைத்தானின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கடைசி வரி சொன்னது: திரையின் பெயரும் தரப்படவில்லை, டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியும் இல்லை. அதற்கு மேலே, விழுந்த இடம்: ஜன்னலைத் திறக்கும் வரி. புரோகிராமின் முதல் காரியமே அதுதான். டெசராக்டைக் கூப்பிடுவது இன்னும் முப்பது வரிகள் தள்ளி. ஆகவே நினைவகம் போதவில்லையா, படக்கோப்பு கெட்டிருக்கிறதா, தமிழுக்கான தரவு இல்லையா என்றெல்லாம் சந்தேகிக்க முகாந்திரமே இல்லை. தன் வேலை இருக்கும் இடத்துக்கு அது போய்ச்சேரவே இல்லை.

யூனிக்ஸ் வகை யந்திரங்களில் ஜன்னல்களுக்கு நெடுங்காலமாக ஆதாரமாக இருந்துவந்திருப்பது எக்ஸ் என்கிற அமைப்பு. 1984ல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. அதன் பதினொன்றாம் வடிவம் 1987ல் வந்தது. எக்ஸின் சொற்பிரயோகம் முதலில் குழப்பும். திரையும் விசைப்பலகையும் உள்ள இடத்தில் இருந்துகொண்டு வரைந்து காட்டுவதுதான் அங்கே சர்வர். தலைகீழ்ப் பெயர் என்று கணிப்பொறிக்காரர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. நம் ஓட்டல் சர்வரை நினைத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது. அவர் நிற்பது சாப்பிடுகிறவரின் இலைக்கு எதிரே. சமையல் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சர்வர் என்று சொல்லி நான் வாடகைக்கு எடுத்த யந்திரத்தில் சமையலறை உண்டு, இந்த அர்த்தத்தில் சர்வர் கிடையாது.

இதற்கு உபாயங்கள் மூன்று சொல்லப்படுகின்றன. முதலாவது, அந்த மாறிக்கு :0 என்று மதிப்புக் கொடுப்பது. இந்த யந்திரத்தின் முதல் டிஸ்ப்ளே என்று அர்த்தம். கொடுத்ததும் செய்தி மாறுகிறது: :0வோடு தொடர்புகொள்ள முடியவில்லை. கட்டாத வீட்டுக்கு விலாசம் எழுதின மாதிரிதான். ஆனாலும் குறை விலாசத்தில் இல்லை, வீட்டில்தான் என்பது ஊர்ஜிதமாகிறது.

இரண்டாவது, எஸ்.எஸ்.ஹெச். இணைப்பின் வழியாக ஜன்னலை என் வீட்டுத் திரைக்கே வரவழைப்பது. டிஸ்ப்ளே தானாகவே லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று அமைந்துகொள்கிறது. ஜன்னல் திறந்தது, பக்கங்கள் ஓடின. லேப்டாப்பை மூடி இணைப்பு அறுந்தால், எக்ஸ் தொடர்பு முறிந்தது என்று அறிவித்துவிட்டுப் புரோகிராமும் செத்துப்போகிறது. ரசிகர் கண்ணயர்ந்தால் பாடகர் மூர்ச்சையாகிற கச்சேரி.

மூன்றாவது எக்ஸ்விஎஃப்பி. இதுவும் எக்ஸ் சர்வர்தான், திரை மட்டும் இல்லை. வரையவேண்டியதையெல்லாம் நினைவகத்துக்குள்ளேயே வரைந்துகொள்ளும். 1280க்கு 1024 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 5 மெகாபைட். யாரும் பார்க்காத ஒரு திரையின் விலை அவ்வளவுதான். புரோகிராம் திருப்தியடைந்து ஓடியது; நகரும் பட்டை நடுராத்திரியில் யாருக்காகவோ நகர்ந்துகொண்டிருந்தது. மூலத்தைத் தொடமுடியாத புரோகிராமுக்கு இதுவே சரியான வழி. இங்கே மூலம் கையில் இருந்ததால் நண்பரும் நானும் அதை இரண்டாகப் பிரித்தோம். பக்கத்தைப் படித்துக் கோப்பில் எழுதிவைப்பது ஒன்று, அதற்கு ஜன்னல் வேண்டியதில்லை. எழுதிவைத்ததைப் படத்தோடு சேர்த்துக் காட்டுவது இன்னொன்று. முன்னது சர்வரில், பின்னது வீட்டில்.

அப்படிப் பிரிந்துவந்த பக்கங்களைப் படித்தபோது இந்த விவகாரம் புரோகிராம்களோடு நிற்பதில்லை என்று பட்டது. தமிழில் வாசகன் இல்லை என்று முதல் பாராவிலேயே முறையிடாத தலையங்கம் இவற்றில் அபூர்வம். சிலர் தம் எழுத்தை வெளியூர்த் திரையில், யாரோ ஒரு மேற்கத்திய விமர்சகரின் பார்வையில் ஓடவிட்டிருக்கிறார்கள். அவருடைய மவுசு குறைந்ததும் இவர்கள் எழுத்தும் நின்றுபோயிருக்கிறது. வேறு சிலர் லட்சிய வாசகன் ஒருவனை மனசுக்குள் வரைந்துவைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார்கள். சில நூறு பிரதிகள் அச்சடித்த சூழலில் அந்த 5 மெகாபைட்டை நான் குறைசொல்லமாட்டேன். இன்றைக்கும் நிற்கிற பக்கங்கள், ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் நேரே விஷயத்துக்குள் இறங்கியவை.

இதை வைத்துக்கொண்டு, எனக்காகவே எழுதுகிறேன், வாசகன் எதற்கு என்று சொல்கிறவர்களோடு நான் சேரமுடியாது. ஜன்னல் இல்லாமல் ஓடிய புரோகிராம் 412 பக்கங்களையும் ஒரே இரவில் முடித்தது. முடித்ததில் ரகரத்தையும் துணைக்காலையும் அது பிரித்தறியவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னைகளின் துதிக்கைகளுக்கு முன்னால் திகைத்து நின்றிருக்கிறது. எந்த வரியிலும் விழவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் தரவில்லை. தவறு நடந்ததே அதற்குத் தெரியாது. பார்க்கும் கண் இல்லாமல் வேலை நடந்துவிடும். சரியாக நடந்ததா என்று சொல்ல அந்தக் கண்தான் வேண்டும். முதல் வரியில் வராவிட்டாலும் அவன் வந்தாகவேண்டும்.

ஆறு கவிதைகள் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்ட ஒருவர் இந்த இதழ்களில் இருக்கிறார். புத்தகம் எதுவும் வரவில்லை. அவர் எழுதியது இந்தத் தாள்களில் மட்டும்தான் இருக்கிறது, தாளும் பொடிந்துகொண்டிருக்கிறது. அவருடைய கவிதையொன்றில் மரம் என்று வரும் மூன்று இடங்களிலும் மாம் என்று விழுந்திருந்தது. நாளைக்கு யாராவது மரத்தைத் தேடினால் இவர் அகப்படமாட்டார். மூன்றையும் கையால் திருத்தினேன். இன்னும் 290 பக்கங்கள் இருக்கின்றன. உடனிருந்து பார்க்க முன்வரும் நண்பர்கள் எழுதலாம்.