ஆற்றங்கரையில் ஐந்து சிறுவர்கள்

சென்ற மாதம் தொடக்கநிலை நான்கு மாணவர்களைச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றிருந்தேன். கேவனா பாலத்தருகே, ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்களின் வெண்கலச் சிலைகளைக் கண்டதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினர். அச்சிறுவர்களின் உடலில் ஆடையில்லை. துணைக்கு வந்திருந்த தாயார் ஒருவரின் முகமும் மாறியது. "வரிசையாக வாருங்கள்" என்று கூறி அனைவரையும் விரைந்து நடத்திச் சென்றுவிட்டேன்.

அன்று மாலை அப்பாவிடம் இதைச் சொன்னேன். தொங்கான்கள் நெருக்கியடித்து நின்ற 1950களில் அந்த ஆற்றருகே வளர்ந்தவர் அவர். "எங்களிடம் இருந்தது ஒரே காற்சட்டைதான் அம்மா. அது நனைந்தால் வீட்டில் அடி விழும். கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத்தான் குதிப்போம்" என்றார்.

நான் வெட்கப்பட்டுக் கடந்து சென்றது என் தந்தையின் பிள்ளைப் பருவத்தை என்பது அப்போதுதான் புரிந்தது.

இச்சிலைகளை வடித்தவர் சோங் ஃபா சியோங். 1946இல் பிறந்த சிங்கப்பூர்ச் சிற்பி. பின்னர் கனடாவில் குடியேறியவர். மரத்திலும் கல்லிலும்கூடச் சிற்பங்கள் செய்தவர். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 2000இல் உருவான இப்படைப்புக்கு 'முதல் தலைமுறை' என்று பெயர். பிழைப்புத் தேடி இக்கரைக்கு வந்தோரையும் அவர்தம் பிள்ளைகளையும் அப்பெயர் நினைவூட்டுகிறது. வெண்கலம் கனத்த உலோகம். அதைக் கொண்டே, கரையை விட்டுக் கால் எழும்பும் அந்த ஒரு கணத்தின் இலேசான தன்மையை அவர் காட்டியிருக்கிறார்.

ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கி 1987இல் நிறைவுற்றது. இடையில், 1983இல், தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம் மாறின. ஆறு தூய்மையானது, ஆனால் அதில் குதித்த சிறுவர்கள் இன்று அங்கே இல்லை. சிலையாக மட்டுமே இருக்கிறார்கள்.

மறுவாரம் சிலையின் படத்தை வகுப்பில் காட்டி, அப்பா கூறியதையும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "கரையில் வைத்த காற்சட்டையை யாராவது எடுத்துச் சென்றுவிட்டால் என்ன செய்வார்கள், ஆசிரியரே?" என்று கேட்டான். வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். அக்கேள்வியையே அன்றைய கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன்.

பெற்றோர்களே, அப்பக்கம் செல்லும்போது வீட்டிலுள்ள தாத்தா பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிலையைப் பற்றி அவர்கள் பேசட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.