மேலூர் நெற்களத்தில் ஒற்றைச் சக்கரம்... 54 வயதில் வித்தை பழகும் மாமா!

"மீதி சைக்கிள் எங்க மாமா?"

இந்த ஆடியில் மேலூருக்குப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். டீக்கடைக்காரர், பால்காரர், தெருப் பிள்ளைகள் என்று ஊரே இதை ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டதாம். மாமாவிடம் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. "தவணையில வாங்குறேன்த்தா. அடுத்த மாசம் பின் சக்கரம் வரும்."

அம்மாவின் தம்பி இவர். 54 வயது. மேலூரில் இருபது வருடத்துக்கு மேல் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து ஓட்டும் காலம் போனதும் கடை பஞ்சர் கடையானது. இப்போது ஸ்பேர் பார்ட்ஸும் விற்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், விளையாட்டாக 20 அங்குல ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்தான். அவன் இரண்டு நாள் முயன்றுவிட்டு விட்டுவிட்டான். அப்பா விடவில்லை.

ஆபீஸில் இதைச் சொன்னதும் எங்கள் டெஸ்க்கில், "போய் ஒரு ரீல்ஸ் எடுத்துட்டு வா, பிச்சுக்கும்" என்றார்கள். அப்படித்தான் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஏறி உட்கார்ந்தால் உயர் நீதிமன்றக் கிளை, அடுத்து ஒத்தக்கடை. இடதுபக்கமோ வலதுபக்கமோ எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் யானைமலை கொஞ்ச நேரமாவது கூடவே வரும். விவசாயக் கல்லூரி தாண்டியதும் நான்கு வழிச்சாலையில் பஸ் பறக்க ஆரம்பிக்கும். நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு, மேலூர். தூங்க நினைத்தால் ஊர் வந்துவிடும்.

இந்த ஊர்ப் பக்கம் மலைகள் இருந்தாலும் தரை என்னவோ சமதரைதான். பாறைக் குன்று ஒன்று திடீரென்று எழும்பும், பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், வைகை வழியாக, பேரணையில் பிரியும் கால்வாயில் இங்கே வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே, மேலூர்ப் பக்கம் சுமார் 85 ஆயிரம் ஏக்கருக்கு ஒருபோகம்தான். புரட்டாசி வாக்கில் தண்ணீர் திறந்தால் நடவு, தை, மாசியில் அறுப்பு.

பாசனக் கதைக்கும் சைக்கிள் வித்தைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மாமா பழகுவது சிமென்ட் போட்ட நெற்களத்தில். அறுப்புக் காலத்தில் அங்கே நெல் காயும். ஆக, கால்வாயில் தண்ணீர் வந்தால் நாலைந்து மாதம் கழித்து மாமாவுக்கு மைதானம் போய்விடும். "தண்ணி வரலைன்னா எனக்கு நல்லது. ஆனா வாய்விட்டுச் சொல்லிராத, அடிப்பாய்ங்க" என்கிறார்.

ஒற்றைச் சக்கர சைக்கிளில் பல விதம் உண்டு. மலையில் ஓட்டுகிறார்கள், பந்தயம் விடுகிறார்கள், கூடைப்பந்துகூட ஆடுகிறார்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். மாமாவுக்குப் பிடித்தது 'ஃப்ளாட்லேண்ட்'. படிக்கட்டு, திண்டு எதுவும் வேண்டாம். சமதரையில், ஒரு பெரிய அறை அளவு இடத்துக்குள், சைக்கிளோடு ஆடும் ஆட்டம் அது. சர்வதேச ஒற்றைச் சக்கர சைக்கிள் கூட்டமைப்பு 1982-ல் தொடங்கப்பட்டது. அவர்கள் நடத்தும் 'யூனிகான்' உலகப் போட்டி 2022-ல் பிரான்ஸின் கிரெனோபிளிலும், 2024-ல் அமெரிக்காவின் பெமிட்ஜியிலும் நடந்தது. அந்த வீடியோக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். மாமா அவற்றைக் கால்வாசி வேகத்தில் வைத்துப் பார்க்கிறார். "பாதத்த எங்க வைக்கிறான்னு மட்டும் பாரு. மூஞ்சியப் பாக்காத."

இந்த ஆசை யூடியூபில் தொடங்கியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் மந்தைக்குச் சாகச சைக்கிள்காரர்கள் வருவார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, டியூப் லைட் போட்டு, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். ஏழு நாள், பத்து நாள் என்று சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார் ஒருவர். அதிலேயே குளியல், அதிலேயே சாப்பாடு. ராத்திரியானால் டியூப் லைட்டை நெஞ்சில் உடைப்பது, குழிக்குள் படுத்து மண்ணைப் போட்டு மூடச்சொல்வது என்று மயிர்க்கூச்செறியும். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர் முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரத்திலேயே அரை வட்டம் அடித்ததைப் பத்து வயதில் பார்த்திருக்கிறார் மாமா. பிறகு வாடகைக் கடை, கல்யாணம், பிள்ளைகள். "நாப்பது வருஷம் கழிச்சு ஒரு சக்கரம் வீடு தேடி வந்துச்சு, விடச் சொல்றியா?"

அத்தை அப்படித்தான் சொல்கிறார்.

முதல் வருடம் மாமா கீழே விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கடையைப் பார்க்க ஆளில்லை. அத்தை அந்தச் சைக்கிளைப் பரணில் ஏற்றிவிட்டார். "இந்த வயசுல இது தேவையா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு ரவுண்டு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவும் போனில் அழுதார்.

வயதுதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையான காரணத்தை மாமா களத்தில் வைத்து என்னிடம் சொன்னார். எந்த சைக்கிளிலும் இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒற்றைச் சக்கரத்துக்கு முன், பின் என்று பார்த்தவுடன் தெரியாது. சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் இடது பெடல் வலதுபக்கம் வந்துவிடும். அப்படியும் ஓடும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒருநாள் பெடல் கையோடு வந்துவிடும், அல்லது காலோடு.

"இருவது வருஷம் சைக்கிள் கடை வச்சவன், மரையத் திருப்பி மாட்டிட்டேன்த்தா. வயசால விழுந்தேன்னு சொன்னா ஊரு நம்பும். இதச் சொன்னா கடைக்கு எவன் வருவான்?"

அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "அப்ப வயசு இல்ல, கொழுப்பு" என்றாராம்.

அத்தை புதுக்கோட்டைக்காரர். 1991-க்குப் பிறகு அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இதை ஊக்கப்படுத்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், நர்ஸுகள், பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். டிப்ளமோவில் எங்களுக்கு அது பாடம். அதைப் படித்தபோது, அதில் ஒருத்தி என் அத்தை என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அப்போது 18 வயது. "எங்க ஆயா விளக்குமாத்த எடுத்துக்கிட்டு வெரட்டுச்சு" என்கிறார் சிரித்துக்கொண்டே.

"அப்புறம் நீங்களே மாமாவை..." என்று இழுத்தேன்.

"நான் தண்ணிக் கொடம் தூக்க, வேலைக்குப் போகக் கத்துக்கிட்டேன். இவரு எங்க போகப் போறாரு? ஒரே எடத்துல நின்னு ஆடுறதுக்கு ஒரு சைக்கிளா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

கடைசியில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு கட்டாயம். தனியாகப் போகக் கூடாது. இருட்டினால் இறங்கிவிட வேண்டும். இன்னொரு எலும்பு முறிந்தால் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்கு. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கச் செய்தி வந்தபோது பரணிலிருந்து இறங்கிய சைக்கிள் மறுபடி மூலைக்குப் போனது. அரிட்டாபட்டி உட்பட இந்தப் பக்கமே கொதித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போன கூட்டத்தில் மாமாவும் நடந்தார். ஏலம் ரத்தான செய்தி வந்த பிறகுதான் மறுபடி களம்.

காலை ஆறு மணிக்கு என்னையும் ஏற்றினார். ஒரு கை சுவரில், ஒரு கை மாமா தோளில். சீட்டில் முழு எடையையும் வைக்க வேண்டும், பெடலில் நிற்கக் கூடாது. கண் தூரத்து வேப்ப மரத்தில். விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்திருப்பீர்களே, அது சாயும் பக்கம் கை ஓடும் அல்லவா? இங்கே நாம்தான் விளக்குமாறு, சக்கரம்தான் கை. முன்னால் சாய்ந்தால் வேகமாக மிதிக்க வேண்டும். இதில் செயினும் இல்லை, பிரேக்கும் இல்லை. கால் நின்றால் சக்கரமும் நிற்கும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். இரண்டு காலையில் நான் சேர்த்துவைத்தது மூன்றரை மிதி. மாமாவுக்கு இருபதடி ஓட்டவே இரண்டு மாதம் ஆனதாம். தினம் இருபது நிமிடம்தான் பழகுவார். "சின்னப் பய மூணு மணி நேரம் விழுவான், மறுநா எந்திரிப்பான். நான் மூணு தடவ விழுந்தா அன்னைக்கு ஓவர்."

இப்போது அவர் பழகுவது 'வீல் வாக்'. பெடலை விட்டுக் காலை எடுத்து, டயரின் மேலேயே பாதங்களை வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாகத் தள்ளிப்போவது. சக்கரத்தின் மேல் நடப்பது என்றே சொல்லலாம். கவட்டையின் மேல்பக்கம் சதுரமாக இருப்பதால், ஒரு காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொள்ள இடம் உண்டு. முதலில் அதைப் பழகி ஒற்றைக் காலில் ஓட்டினார். பிறகுதான் இது. இதுவரை ஆறு அடி. பத்து வேண்டும் என்பது கணக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆடிக்காற்று. களத்து ஓரம் கிடந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். "நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஏழு பாத்துட்டுப் போ" என்றார். போனில் வீடியோவை ஓடவிட்டேன். நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது அடியில் பாதம் வழுக்கியது. சைக்கிள் ஒருபக்கம் பறந்தது. மாமா பக்கவாட்டில் விழுந்தார்.

எழவில்லை.

ஓடினேன். போன் எங்கே போட்டேன் என்று தெரியாது. வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார். மணிக்கட்டைத் திருப்பினார். பிறகு, "ஏழு கணக்குல வருமாத்தா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

தரையில் கிடந்த போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. விழுந்தது, என் அலறல், பிறகு ஐந்து நிமிடம் வெறும் வானம். எங்கள் தொழிலில் இதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது. "விழுறதப் போட்டா லட்சம் பேர் பாப்பாய்ங்க. ஏறுனத எவன் பாப்பான்? வேணாம்த்தா. அத்தைக்கும் தெரிய வேணாம்."

பஸ்ஸில் யானைமலை தெரிந்த இடத்தில் அந்த வீடியோவை அழித்தேன். டெஸ்க்கில் "காத்து ஜாஸ்தி, எடுக்க முடியல" என்று சொன்னேன். அரைகுறை உண்மை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் காலியான நெற்களத்தின் படம் மட்டும் இருக்கிறது.

அத்தையிடம் மறைத்துவிட்டு எழுத மனசு ஒப்பவில்லை. மாமாவிடம் அனுமதி வாங்கி, நேற்று நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார் அத்தை. "சட்டைய நான்தானே தொவைக்கிறேன். எலும்பு ஒடையல, அதனால கேக்கல. நாலு நாளா எட்டு அடி போறாராம், தெனம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. கால்வாயில எப்போ தண்ணி விடுறாங்கன்னு ஒங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு."