ஃபாலுன் காணப் புறப்படுகிறோம்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் காலைப் புகைவண்டியில் நாள்தோறும் ஒரே பெட்டியில் அமர்ந்து பயணம் செய்யும் நண்பர்கள் நாங்கள். வீடு கோலார் தங்கவயலில், வேலை பெங்களூரில் என்று வாழும் ஆயிரக்கணக்கானோருள் நாங்களும் சிலர். விலைவாசி முதல் வீட்டுத் திருமணம் வரை அந்தப் பெட்டியில் நாங்கள் பேசாத பொருள் இல்லை. நான்கு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து சுவீடன் நாட்டுக்கு ஒருமுறை சென்றுவந்தால் என்ன என்ற பேச்சும் அங்கேதான் பிறந்தது.

கேட்போர் நகைக்கக்கூடும். எங்களுள் இருவர் மத்திய அரசு அலுவலக எழுத்தர்கள். எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகை இந்திய எல்லையைத் தாண்டாது. அதன் தயவில் கன்னியாகுமரி கண்டோம், அந்தமானும் கண்டோம். ஐரோப்பா செல்வதற்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. போதாக்குறைக்கு, எங்கே போகிறோம், ஏன் போகிறோம், பணம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். "ஏன் சுவீடன்?" என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் "சுற்றுலா" என்ற ஒரு சொல் போதும். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்டிர்க்கு அது போதவில்லை. நார்வேயின் மலையிடைக் கடலைப் பார்க்கலாமே, சிங்கப்பூரில் உறவினர் இருக்கிறார்களே, அங்கே போகலாமே என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டது நியாயமே.

காரணம் ஒரு சிறுமி. நண்பர் ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஒருநாள் அவள், "தாத்தா, உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவர் சொன்னார், கையை விரித்தும் குனிந்தும் காட்டினார். பாறையில் கை வைத்தால் சுடும் என்றார். 3,200 மீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். அவளுக்கோ எதுவும் மனக்கண்ணில் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவள் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. பம்புகள் நின்றன, கீழ்த் தளங்களில் நீர் நிறைந்தது. ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை வேலிக்கு வெளியே நின்று காட்டலாம், அவ்வளவுதான். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் இருப்பது வேலியே.

அந்தச் சமயத்தில்தான் ஃபாலுன் நகரைப் பற்றிப் படித்தோம். சுவீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமிலிருந்து இரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் அடையக்கூடிய சிற்றூர். அங்கே இருப்பது தங்கமன்று, செம்பு. அதில் எட்டில் ஒரு பங்கை ஒரு பிஷப் பெற்றதற்கான 1288ஆம் ஆண்டுப் பத்திரம் இன்றும் இருக்கிறதென்றால் அதன் பழமையை எண்ணிப் பாருங்கள். 1687இல் சுரங்கத்தின் பெரும்பகுதி இடிந்து உள்ளே விழுந்தது. அன்று கோடைத் திருநாள் விடுமுறையாதலால் ஓர் உயிரும் போகவில்லை. 1992இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் அவர்கள் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடவில்லை. தலையில் கவசம் அணிவித்துப் பார்வையாளர்களை 67 மீட்டர் ஆழம் வரை அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். 2001 டிசம்பரில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டு! இதைப் பெட்டியில் வாசித்துக் காட்டியபோது, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இன்னொன்றும் எங்களை உறுத்தியது. அந்தச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து சிவப்பு வண்ணம் காய்ச்சுகிறார்கள். 1764 முதல் அதை வணிகமாகவே நடத்துகிறார்கள். சுவீடன் நாட்டுப் படங்களில் காணும் செந்நிற மரவீடுகளெல்லாம் அந்தக் கழிவு தந்த நிறமே. நம் ஊரின் கழிவோ சைனைடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் கொடியில் உலரும் துணியிலும் உலையில் கொதிக்கும் சோற்றிலும் வந்து படிவது தங்கவயலில் வளர்ந்த எவர்க்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திரைப்படக்காரர்களுக்கு மட்டும் அந்த மேடுகள் அழகாகத் தெரிகின்றன.

ஆக, ஃபாலுன் என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் நள்ளிரவுச் சூரியனைக் காணாமல் திரும்புவதில்லை என்று பிடிவாதம் செய்தார். அதற்கு ஓர் இரவு முழுவதும் இரயிலில் வடக்கே சென்று கிருனா என்னும் ஊரை அடையவேண்டும். அதுவும் சுரங்க ஊரே, இரும்புச் சுரங்கம். சுரங்கம் அடியில் பரவுவதால் ஊரையே பெயர்த்து வேறிடம் கொண்டுபோகிறார்கள். 2025 ஆகஸ்டில் நூறாண்டு கடந்த மரத் தேவாலயத்தை அப்படியே வண்டியிலேற்றி, இரண்டு நாளில் சுமார் 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். இதைக் கேட்டபின் கிருனாவையும் சேர்த்துக்கொண்டோம். ஆறு நாள் பயணம் ஒன்பது நாளாயிற்று.

கணக்கு எழுதுவது எங்களுக்குக் கைவந்த தொழில். ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. கைவிரல் ரேகை பதிக்கப் பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் நேரில் செல்லவேண்டும். தங்குவதற்கு விடுதியைவிடச் சமையலறையோடு கூடிய வீடு மலிவு. பிரஷர் குக்கரை யார் சுமப்பது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் போதவில்லை. ஒரு வீட்டில் இரண்டு வளையல்கள் விற்கப்பட்டன. தங்கவயலில் பிறந்த பெண்ணின் கையிலிருந்த தங்கம், செம்புச் சுரங்கம் காணச் செலவாகிறது.

யாருக்காக இத்தனையும் தொடங்கினோமோ அந்தப் பெரியவர் வர இயலாது என்பதுதான் எங்களைக் கலக்கியது. சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். ஃபாலுனிலோ படிகள் பல. உள்ளே ஐந்து டிகிரிக் குளிர். மருத்துவர் வேண்டாமென்றார். நாங்கள் பயணத்தையே கைவிடலாம் என்று எண்ணி, ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் கூடினோம்.

அப்போதுதான் அவருக்கு மாட்ஸ் இஸ்ரேல்சனின் கதையைச் சொன்னோம். 1677இல் ஃபாலுன் சுரங்கத்துக்குள் தனியாகச் சென்று மறைந்த இளைஞன். 1719இல் நீர் தேங்கிய ஒரு பகுதியில் அவன் உடல் கிடைத்தது. செம்புக் கனிமம் கலந்த நீர் அதை அழுகாமல் காத்திருந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று ஊரார் திகைத்து நிற்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு முதியவள் அவன் முகத்தைப் பார்த்து, தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் என்று அடையாளம் சொன்னாள். அவளுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவனுக்கு ஒரு நாளும் கடக்கவில்லை. பின்னர் அந்த உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ஊராருக்குக் காட்டியதும், இறுதியாக 1930இல்தான் அது மண்ணுக்குள் போனதும் தனிக் கதை.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் கேஜில் ஏறும்போதெல்லாம் தலையை எண்ணுவார்கள் தம்பி. ஒரு தலை குறைந்தாலும் கேஜ் மறுபடியும் கீழே போகும்," என்றார். பேத்தியை அழைத்து நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். "நான் வராவிட்டால் என்ன? என் கேள்விகள் போகட்டும். நீங்கள் போய்க் கேட்டுவாருங்கள். திரும்பி வந்ததும் அதற்கு நம் ஊர்ப் பதிலை நான் சொல்கிறேன், அதையும் இவள் எழுதிக்கொள்ளட்டும்," என்றார். எங்களுக்கு வெட்கமாயிருந்தது. இந்தத் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

விசா நேர்காணல் அடுத்த மாதம். நோட்டில் இதுவரை இருபத்தேழு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. உள்ளே இறங்குமுன் அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்? மேலே வந்ததும் முதலில் என்ன குடித்தார்கள்? பாறை வெடிக்கப்போகிறதென்று எந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டார்கள்? நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் பெண்கள் எங்கே வந்து நின்றார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அந்தப் பெண் இரண்டு கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்று ஃபாலுனுக்கு, மற்றொன்று தாத்தாவுக்கு.