பதினேழாம் கட்டில்

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மூரில் வெறுங்கையோடு போவதில்லை. தோடம்பழமோ, ஒரு போத்தல் நெல்லிரசமோ, பிஸ்கற் பெட்டியோ கையில் இருக்கும். ஆனால், வைத்தியருக்கும் தாதிக்கும் நாம் அவசியம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஒன்றை மட்டும் வீட்டிலேயே மறந்து விட்டுப் போகிறோம். அது இன்னதென்பதை நான் அறிந்துகொண்டது, என் தந்தையார் காலமாகி ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே. அதுவும், கடல் கடந்த ஒரு நாட்டில், போர் செய்து ஓய்ந்தவர்களுக்கென அமைந்த ஒரு வைத்தியசாலையில்.

என் தந்தையார் தம் இறுதி நாட்களைக் கழித்த இடத்தில் அவருக்குப் பெயர் 'பதினேழாம் கட்டில்'. பதினேழாம் கட்டிலுக்கு மருந்து கொடுத்தாயிற்றா, பதினேழாம் கட்டிலின் ஆட்கள் யார் என்றே கேட்பார்கள். எவரும் வேண்டுமென்று செய்த அவமதிப்பன்று அது. ஆயினும் அந்தக் கட்டில் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மடிசன் நகருக்கு, அங்கே குடியேறி வாழும் என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். இரு பெரும் ஏரிகளுக்கு இடையே அமைந்த அழகிய நகரம் அது. தமக்கையாரின் அயல்வீட்டில் ஒரு முதிய தம்பதியர் வாழ்ந்து வந்தனர். கணவருக்கு எழுபத்தொரு வயது. கைகளை ஓயாது நடுங்கச் செய்யும் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியிருந்தது. மனைவிக்குப் பார்வை மங்கிவிட்டமையால் வாகனம் ஓட்ட இயலாது. ஆகவே, வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் அத்தானே அவர்களைத் தமது மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்வது வழக்கம். ஒரு நாள் என்னையும் உடன் வருமாறு அழைத்தார்.

"எந்த வைத்தியசாலை, அத்தான்?" என்று கேட்டேன்.

"பழைய பட்டாளக்காரருக்கான வைத்தியசாலை. இவர் வியட்நாம் யுத்தத்துக்குப் போனவர்" என்றார்.

என் கால்கள் சற்றே தயங்கின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசலைத் துறந்து, கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்களல்லவா? அவர்களுள் பதினான்கு வயதுச் சிறுவனாக நானும் ஒருவன். மறு வருடம் வீடு திரும்பியபோது, நான் விட்டுச் சென்ற பாடக் கொப்பிகள் தரையிலே சிதறிக் கிடந்தன. அவற்றின் மேல் காலணித் தடங்கள் பதிந்திருந்தன. எவருடைய காலணி என்று நான் அறியேன். ஆனால், அன்று முதல் பட்டாளத்துக்காரர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முகம் தோன்றுவதில்லை. காலணி மட்டுமே தோன்றும். இருந்தும், அந்த மூதாட்டி என்னைப் பார்த்து முறுவலித்தார். மறுக்க மனம் வராமல் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

முன்னாட் போர்வீரரைப் பராமரிப்பது அமெரிக்க அரசு நெடுங்காலத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்ட கடமை. 1865ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உள்நாட்டு யுத்தம் முடியும் தறுவாயில், சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்று ஆற்றிய உரையில், போரைச் சுமந்தவனையும் அவனுடைய விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பேணுவது நாட்டின் பொறுப்பு என்று கூறினார். அதன் பின்னர் பல ஏற்பாடுகள் தோன்றி, 1930ஆம் ஆண்டில் அவை யாவும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இன்று ஏறக்குறைய 170 வைத்தியசாலைகள் அதன் பொறுப்பில் உள்ளன. 90 இலட்சம் பேர் வரையில் பதிவு செய்துள்ளனர். அந்நாட்டில் ஏனையோர் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனிகளை நம்பியிருக்க, தகுதி பெற்ற போர்வீரருக்கு அரசாங்கமே வைத்தியசாலை கட்டி, வைத்தியரையும் நியமித்துச் சிகிச்சை அளிக்கிறது. நம் நாட்டு இலவச வைத்தியத்தில் வளர்ந்த எனக்கு அது பழகிய இடம் போலவே தோன்றிற்று.

காத்திருக்கும் மண்டபத்தில் அந்த அம்மையார் தம் கதையைச் சிறிது சிறிதாகச் சொன்னார். முன்னர் வேறொரு மாநிலத்தில் வாழ்ந்த காலத்தில், வைத்தியரைக் காண்பதற்கு மாதக் கணக்கில் காத்திருந்தார்களாம். கடிதம் வரும், திகதி வரும், பின்பு திகதி மாறும். "வீட்டிலே காத்திருப்பதும் ஒரு நோய்தான்" என்றார். அவர் கூறியது மிகையன்று. 2014ஆம் ஆண்டில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலுள்ள போர்வீரர் வைத்தியசாலையில், நோயாளர் காத்திருக்கும் காலத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக மறைவான பட்டியல்கள் வைத்திருந்தமை வெளியாயிற்று. அவ்வாண்டு மே மாதம் 30ஆம் நாள், துறைக்குப் பொறுப்பாயிருந்த எரிக் சின்செக்கி பதவி துறந்தார். நெடுநாள் காத்திருப்போர் வெளி வைத்தியரிடம் அரசாங்கச் செலவிற் செல்வதற்கு வழிசெய்யும் சட்டமும் ஓகஸ்ட் மாதத்தில் நிறைவேறிற்று.

முதியவரின் நோய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1962 முதல் 1971 வரை, காட்டு மரங்களின் இலைகளை உதிர்ப்பதற்காக அமெரிக்கப் படையினர் வியட்நாமில் நச்சுத் திராவகங்களைத் தெளித்தனர். 'ஏஜென்ற் ஒறேஞ்ச்' என்பது அவற்றுட் பேர்பெற்றது. பார்க்கின்சன் நோயை அந்த நஞ்சோடு தொடர்புடைய நோய்களின் பட்டியலில் அரசாங்கம் சேர்த்தது 2010ஆம் ஆண்டிலேதான். அந்த இலைகளின் கீழே குடியிருந்த வியட்நாமியக் குடும்பங்களும் அதே நஞ்சைத்தான் சுமந்தன என்பதை இங்கே மறத்தல் ஆகாது.

அன்று பரிசோதித்த வைத்தியர், முதியவருக்கு நுரையீரற் காய்ச்சல் கண்டிருப்பதாகக் கூறி விடுதியில் அனுமதித்தார். அதன் பின் ஒரு கிழமையாக நாள்தோறும் நானும் சென்று வந்தேன். இரண்டாம் நாட் காலையில் அம்மையார் கண்கலங்கி நின்றார். இரவிலே காய்ச்சல் பார்க்க வந்த தாதி தோளைத் தொட்டதும், அவர் கூக்குரலிட்டுக் கையை வீசியதில் தாதியின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்ததாம். தாதியர் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அவருடைய கட்டிலைத் தயங்கித் தயங்கியே அணுகினர்.

மூன்றாம் நாள் ஒருவர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். அவர் வைத்தியரல்லர், நோயாளரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதுபவர். 'என் வாழ்வு, என் கதை' எனப் பொருள்படும் பெயரோடு, அதே மடிசன் வைத்தியசாலையில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு அது. விரும்பும் நோயாளரோடு ஒரு மணி நேரமளவில் உரையாடுவார்கள். கேட்டதை அவரே பேசுவது போல ஏறக்குறைய ஆயிரம் சொற்களில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். அவர் சம்மதித்தால், அக்கதை அவருடைய வைத்தியப் பதிவேட்டில், இரத்தப் பரிசோதனைக் குறிப்புகளோடு ஒன்றாய்ச் சேர்க்கப்படும். எந்த வைத்தியரும் தாதியும் அதைத் திறந்து வாசிக்கலாம். குடும்பத்தாருக்கும் பிரதிகள் கிடைக்கும். இன்று இவ்வேற்பாடு வேறு பல போர்வீரர் வைத்தியசாலைகளுக்கும் பரவியுள்ளது.

முதியவர் வீடு திரும்பிய பின், ஒரு மாலைப்பொழுதில் அம்மையார் தம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, பூதக்கண்ணாடியின் துணையோடு அந்தக் கதையை எங்களுக்கு வாசித்தார். பாற்பண்ணையிற் பிறந்தவர், விடியுமுன் எழுந்து பசு கறந்தவர், 1968ஆம் ஆண்டில் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்டவர். இரவுக் காவலின்போது குரல் எழுப்பக் கூடாதாம். அருகிலிருப்பவன் தோளைத் தொட்டால், ஆபத்து நெருங்கிவிட்டது என்பதே அதன் பொருளாம். ஐம்பது ஆண்டுகள் சென்றும் தோள் அதை மறக்கவில்லை. 'என் மனைவி என்னைத் தொட்டு எழுப்புவதில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பாள்' என்று அதில் எழுதியிருந்தது. அக்கதை பதிவேட்டிற் சேர்ந்த அன்றிரவு முதல் தாதியரும் வாசலில் நின்றே பெயர் சொல்லி அழைத்தனராம். அதன் பின் ஒரு கூக்குரலும் இல்லை.

"இது எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். அவருடைய சுபாவம் என்று எண்ணியிருந்தேன். தாதியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே!" என்று அம்மையார் வருந்தினார்.

மேலும் வாசித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்த வரிகளை அவர் முன்னர் அறிந்திருக்கவில்லை. ஒரு கிராமத்தில் வீடுகளைச் சோதனையிடச் சென்றபோது, தரையில் ஒரு பிள்ளையின் பாடக் கொப்பிகள் கிடந்தனவாம். எடுத்து ஓரமாய் வைக்க ஒரு கணம் போதும். வைக்காமல் மிதித்துக்கொண்டு நடந்தாராம். தாம் செய்தவற்றுள் அது சிறியது என்றும், அதுவே அடிக்கடி கனவில் வருகிறது என்றும் சொல்லியிருந்தார்.

அன்று நான் ஒன்றும் பேசவில்லை. இரவெல்லாம் உறக்கமும் வரவில்லை. மறுநாட் காலை தனியே சென்று அவர் முன் அமர்ந்து, என் கொப்பிகளின் கதையைச் சொன்னேன். குற்றஞ்சாட்டும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. சொல்லாமலிருக்க முடியவில்லை, அவ்வளவே. அவர் நெடுநேரம் மௌனமாய் இருந்தார். நடுங்கும் கைகளை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, "அந்தப் பையன் பிறகு படித்தானா?" என்று கேட்டார்.

"படித்தான், ஐயா. இப்போது படிப்பிக்கிறான்" என்றேன்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். அன்றுதான் காலணிக்கு மேலே ஒரு முகத்தை நான் கண்டேன். நடந்தவை எவையும் அதனால் இல்லாமற் போய்விடவில்லை. ஆயினும், என் மனத்திலிருந்த ஒரு பாரம் சிறிது குறைந்தது.

ஆனால் வேறொரு பாரம் ஏறிக்கொண்டது. என் தந்தையாரும் இரவில் அமைதியின்றி இருந்தவரே. விடுதியின் கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் கட்டிலை விட்டு எழுந்து வெளியே போக முயல்வார். விழுந்துவிடக்கூடும் என்று அஞ்சி அவருடைய மணிக்கட்டைக் கட்டிலோடு துணியாற் கட்டிவிட்டார்கள். காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் ஒருமுறை எங்கள் பதுங்குகுழியின் வாசல் இடிந்து, விடியும்வரை அவர் தனியே உள்ளே அகப்பட்டிருந்தார். அன்று முதல் கதவைத் திறந்து வைத்தே உறங்குவார். இதை நான் தாதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரவு முழுவதும் நாற்பது பேரைப் பார்த்த அந்த இரு தாதியர்மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் அறியாததை அவர்களாற் செய்ய முடியுமா? அறிந்தவன் நான், நானே வாய்மூடியிருந்தேன்.

வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டென வள்ளுவர் வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அருகிருந்து பேணுதல் என்றால் கஞ்சி ஊட்டுவதும் விசிறிவிடுவதும் மட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். நோயாளி சொல்ல முடியாததை அவருக்காகச் சொல்லுவதும் அப்பணியே.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அருகே கொப்பியோடு அமர்ந்தேன். "என்ன தம்பி, மரணசாசனமோ?" என்று சிரித்தார். ஒரு மணி நேரம் என எண்ணியது மாலைவரை நீண்டது. ஆசிரிய கலாசாலைக்குத் தாம் தெரிவானதையும், தம்பிமாரின் படிப்பை எண்ணி அதைக் கைவிட்டதையும் அன்றுதான் சொன்னார். இத்தனை வருடம் அவர் கையாற் சோறுண்ட எனக்கு அது தெரியாது! இரண்டு பக்கங்களில் எழுதி, வாசித்துக் காட்டித் திருத்தி, அவருடைய கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டினேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டனாரோ பாட்டியோ இருப்பார். அவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அவருக்கு எந்தக் காது கேளாது, எதற்கு அஞ்சுவார், எப்படி அழைத்தால் மகிழ்வார், என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்பவற்றைக் கேட்டு எழுதி அதில் வையுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை; ஒரு பேனாவும் ஒரு பிற்பகலும் போதும்.

சென்ற மாதம் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். சனநெருக்கம் மிகுந்த காலை வேளை. இளந்தாதி ஒருத்தி கொப்பியைத் திறந்து, ஒட்டியிருந்த தாளை ஒரு கணம் வாசித்தாள். பின்பு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கேட்கும் காதாகிய வலக் காதின் பக்கம் குனிந்து, "அம்மா, இன்றைக்கு எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுக்கே விடை சொல்லத் தொடங்கினார்.