ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி மழை

ஹாஸ்டலில் "சீசன் எப்படா?" என்று யாராவது கேட்டால் பாதிப் பேருக்குக் குற்றாலம் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு ஐபிஎல். எனக்கு சீசன் என்றால் ஆகஸ்ட் 1. எங்க ஊர் குளச்சல். அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்கள். படகு ஓனர் பையன் என்றதும் டீ வாங்கித் தரச் சொல்ல வேண்டாம் மக்களே. படகில் பாதி பேங்குக்குச் சொந்தம், மீதியில் பாதி முன்பணம் கொடுத்த மீன் வியாபாரிக்குச் சொந்தம். எங்களுக்கு என்று உறுதியாக இருப்பது படகின் பெயரும், அதை எழுதிய பெயின்டும்தான்.

தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்று நியூஸில் பார்த்திருப்பீங்க. அது வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது என்பது மதுரைப் பசங்க பலருக்குத் தெரியவில்லை. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இருக்கிற மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே கன்னியாகுமரி மாவட்டம், இரண்டு காலண்டர். சின்னமுட்டம் படகுகள் ஜூன் நடுவிலேயே கிளம்பிப் போகும்போது எங்க படகு கரையேற்றி, அடிப்பக்கம் சுரண்டி, பெயின்ட் வாசனையோடு நிற்கும்.

அந்த இரண்டு மாசமும் வருமானம் கிடையாது, செலவு மட்டும் உண்டு. இன்ஜினைப் பிரிக்க வேண்டும், வலை பொத்த வேண்டும், கயிறு மாற்ற வேண்டும், பலகை இற்ற இடத்தில் புதுப் பலகை வைக்க வேண்டும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வீட்டுக்கு அரிசி பருப்புக்கு அது உதவும். படகுக்குச் செய்கிற செலவெல்லாம் கடன்தான். எல்லாக் கடனுக்கும் எங்க ஊரில் ஒரே தவணை தேதி: "முதல் கடல் போயிட்டு வந்து தாரேன்."

இந்த வருஷம் அந்த முதல் கடல் போகவில்லை. ஜூலை 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப எல்லாம் ஏற்றியாச்சு. சாயங்காலம் மழை பிடித்தது. எட்டு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65, யாரும் கடலுக்குப் போக வேண்டாம். (கோயில் என்றால் எங்க ஊரில் சர்ச். இதை ரூம்மேட்டுக்குப் புரிய வைக்க ஒரு செமஸ்டர் ஆச்சு.)

மழை பெய்தால் நனைந்துகொண்டே போகலாமே, அதுக்கு என்ன என்று கேட்கலாம். மழை பிரச்சினையே இல்லை. மழையைக் கொண்டுவருகிற காற்றும், அந்தக் காற்று எழுப்புகிற அலையும்தான் பிரச்சினை. நடுக்கடலில் பெரிய அலை வந்தால்கூடப் படகு ஏறி இறங்கிச் சமாளித்துவிடும். துறைமுகத்து வாயில் ஆழம் குறைகிற இடத்தில் அதே அலை செங்குத்தாக எழும்பி உடையும். நம்ம சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் இதற்கு ஒரு பக்கம் ஃபார்முலா எழுதுவார்கள். அப்பா ஒரே வரியில் சொல்வார்: "வாசல்ல அடிச்சா வீட்டுக்கு வர முடியாது."

தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் என்ன செலவு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. டீசல் கெட்டுப்போகாது, சரி. ஐஸ்? ஒரு பாளம் 50 கிலோ. பத்து நாள் தங்கு கடலுக்கு என்று நூற்றுக்கணக்கில் நொறுக்கி அடித்தட்டில் கொட்டியாச்சு. நின்ற இடத்திலேயே அது கரைகிறது. மூன்றாவது நாள் மாமா தட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடினாராம். யாருக்காவது பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்றால், துறைமுகத்தில் எல்லாப் படகிலும் அதே ஐஸ் அதே மாதிரி கரைகிறது. தக்காளியும் வெங்காயமும் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் எங்க வீட்டுக் குழம்பை நிரப்பின.

அப்புறம் ஆட்கள். பதினோரு பேர். ஏழு பேர் ஊர்க்காரர்கள், நாலு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கடல் போனால்தான் பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதி இருந்தால்தான் பங்கு என்றே ஒன்று உண்டு. சும்மா இருக்கிற நாளுக்கு யார் காசு கொடுப்பது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை, ஒப்பந்தமே எழுதவில்லை. கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு படகில் இருப்பார்கள். அதனால் அப்பா கொடுத்தார். ராத்திரி இரண்டு பேர் படகிலேயே தூங்க வேண்டும்; மழைத் தண்ணீரை பம்ப் போட்டு இறைக்க வேண்டும், பக்கத்துப் படகோடு மோதாமல் நடுவில் கட்டிய டயர் நழுவினால் திரும்பக் கட்ட வேண்டும், உரசி நைந்த கயிற்றை மாற்ற வேண்டும். கட்டிப்போட்ட படகுக்கும் வேலை உண்டு.

நாலாவது நாள் வீட்டில் சண்டை. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் இழுத்தார். மாமா சொன்னது கணக்காகவே இருந்தது. இந்தக் காற்றடிக்கிற மாதங்களில்தான் எங்க கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வரும். அதோடு மீனும் வரும். தடை முடிந்த முதல் வாரம் கணவாய் நல்லாக் கிடைக்கும். முதலில் போய் முதலில் வருகிறவனுக்குத்தான் விலை. "காத்து கொறஞ்சிருக்கு அத்தான், வாசல் மட்டும் தாண்டிட்டா பொறவு ஒண்ணுமில்ல" என்றார். அப்பா, "எச்சரிக்கைய எடுக்கட்டும்" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

2017-க்கு முந்தி என்றால் அப்பாவும் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நவம்பர் 30 எங்க மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ஒக்கி வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. ஆழ்கடலுக்கு ஏற்கனவே போயிருந்தவர்களுக்கு செய்தி போய்ச் சேரவே இல்லை. கரையிலிருந்து பேசுகிற வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஒரே தெருவில் பல வீடுகளில் படம் மாட்டி மாலை போட்டிருப்பதை அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பான்டர் கருவிகளைப் படகுகளில் பொருத்தினார்கள், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிலையம் அலை உயரம் முதல் எல்லாம் தினமும் போடுகிறது. எனக்கு இன்ஸ்டாவுக்கு முன்னால் திறக்கிற பக்கம் அதுதான்.

என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் இருப்பவன் காலையில் திறப்பது வேறு பக்கம்: முல்லைப் பெரியாறு நீர்மட்டம்.

அவன் மேலூர்க்காரன். அழகர்கோவில் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் கள்ளந்திரியில் ஒரு கால்வாயைப் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் போன் பார்த்துக்கொண்டே தாண்டியிருப்பீர்கள். அதில் ஓடுவது அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை மேற்கே ஓடின ஆற்றை மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வைகை அணை, பேரணை, பெரியாறு கால்வாய், கள்ளந்திரி. கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். அணையில் போதிய தண்ணீர் சேர்ந்தால்தான் அவன் அப்பா நாற்றங்கால் பற்றி யோசிப்பார்.

சேர வைப்பது எது? எங்க படகைக் கட்டிப்போட்ட அதே தென்மேற்குக் காற்று. எங்க கடலைக் கலக்கிவிட்டு, மலையில் ஏறி, தேக்கடிப் பக்கம் கொட்டுகிறது. அந்த ஒரு வாரமும் அவன் "ஒரே நாள்ல ரெண்டு அடி ஏறிடுச்சு மாப்ள!" என்று எழுந்திருப்பான், நான் அலை மூணரை மீட்டர் என்று படித்துக்கொண்டிருப்பேன். அவன் சந்தோஷத்தில் எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் அவனே, "உங்கப்பா போயிட்டாராடா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் மழையிலேயே போய் அழகர்கோவில் தோசை வாங்கி வந்தான். மிளகு தூக்கலாக இருக்கும், ஆறினாலும் நல்லா இருக்கும். பேப்பரைப் பிரித்து வைத்துவிட்டு, மழை நிற்கட்டும் என்றும் சொல்ல முடியாமல், பெய்யட்டும் என்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

என் செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசித் தேதி 8. அதுவும் முதல் கடல் கணக்கில்தான் இருந்தது. அம்மா வளையலை அடகு வைத்து அனுப்பினார். கடைசியாக மீட்டு வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது, அந்த வளையலுக்கு அது நல்ல ஓய்வு.

ஏழாம் தேதி மத்தியானம் எச்சரிக்கையை எடுத்தார்கள். புது ஐஸ் ஏற்றிக்கொண்டு அன்று ராத்திரியே கிளம்பினார்கள். எல்லாப் படகும் ஒரே ராத்திரி கிளம்பியதால் ஐஸ் கம்பெனியில் க்யூவாம். மாமா முன்னால் நின்று வாசல் தாண்டுகிற வரைக்கும் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். தாண்டியதும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாராம்.

பத்து நாளில் திரும்பினார்கள். கணவாய் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இருந்தது. ஏலத்தில் விலை ஏறவில்லை. முதல் ஐஸ், இரண்டாவது ஐஸ், ஆட்களுக்குக் கொடுத்தது எல்லாம் கழித்து, வியாபாரி தன் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது போக, பங்கு வந்தது. கொஞ்சம்தான்.

"வளையல அடுத்த கடல்ல பாத்துக்கலாம் மக்களே" என்றார் அப்பா போனில். பின்னால் மாமா யாரிடமோ ஐஸ் விலை பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "அங்க மழை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன், அழகர் மலை தெரியாத அளவுக்கு.

"கூட்டாளிக்க அப்பா விதைச்சாச்சா?" என்றார்.