இறாற்கோதும் குருதியும்

உயிர் பிரியும் வழிகள் பல. அவற்றுள் விரைவான ஒன்று குருதி வழிந்தோடும் வழியாகும். அவ்வழியை அடைக்கும் பொருளொன்று மனிதன் வீசியெறிந்த குப்பையிலேயே கிடந்தது.

உடப்புக் கடற்கரையில் இறால் உரித்து வாழும் மூதாட்டி ஒருத்தி. 1980களில் புத்தளம் மாவட்டத்திற் பெருகிய இறாற் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி நோய் வீழ்த்தியபோதும், களப்பிறாலை உரித்தே குடும்பத்தைக் காத்தவள். அன்றொரு காலை இறாலின் தலைமுள் அவள் விரலில் ஆழப் பாய்ந்தது. காயத்திற் கோப்பித்தூளை அப்பிவிட்டு மீண்டும் கூடையின் முன் அமர்ந்தாள். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த பேத்தி பதறினாள்.

“அம்மம்மா, நீங்கள் எறியும் கோதில்தான் இரத்தத்தை நிறுத்தும் மருந்து இருக்கிறது.”

அவள் கூறியது மெய்யே. கோதிலுள்ள சுண்ணத்தை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் எஞ்சுவது கைற்றின். அதனைச் செறிந்த காரத்திற் காய்ச்சினால் கைற்றோசான் பிறக்கும். நேரேற்றமுடைய இப்பொருள், மறையேற்றமுடைய செங்குருதிக் கலங்களை ஈர்த்துத் திரட்டிக் காயத்தின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இதனாலான கட்டுத்துணி 2002இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுப் போர்க்களங்களிற் பயன்பட்டது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேறொரு பசையும் உண்டு. குருதியிலிருந்து பெறும் பைபிரினோஜனையும் துரொம்பினையும் கலந்தால், குருதி உறைதலின் இறுதிப்படி அங்கேயே நிகழும். 1944இல் தோல் ஒட்டுக்களைப் பதிக்க உதவிய இம்முறை, தையல் எளிதில் நில்லாத ஈரல் போன்ற உறுப்புக்களின் கசிவைத் தடுக்க இன்று துணைபுரிகின்றது.

யாவற்றையும் கேட்ட மூதாட்டி, “அப்படியானால் இந்தக் கோதை இடித்துக் கட்டலாமா, பிள்ளை?” என்றாள்.

“கூடாது அம்மம்மா. பச்சைக் கோது புண்ணைப் பழுக்கவைத்துவிடும். தொழிற்சாலையிற் சுத்திகரிக்க வேண்டும்.”

மூதாட்டி சிரித்தாள். “கோது எங்களுடையது, மருந்து எங்கேயோ இருக்கிறது!”

பேத்தியிடம் விடையில்லை. அவளைப் படிப்பித்த பணமும் அக்கைகள் உரித்த இறாலிலிருந்தே வந்தது. கோப்பித்தூளைத் தூய நீராற் கழுவினாள். வெளுத்த துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து நெடுநேரம் அழுத்திப் பிடித்தாள். எந்தப் பசைக்கும் முந்திய வைத்தியம் அதுவே. குருதி நின்றது.

அந்திவேளையிற் கோதுக் குவியலைக் காகங்கள் கிளறின. வழக்கம்போல் அள்ளி எறியச் சென்ற பேத்தி, ஒரு கோதைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிபோல் மெலிந்த அக்கோதில் அவள் செய்யவேண்டிய வேலை ஒன்று தெரிந்தது.